நல்லாத்தான் படிக்கிறான், அப்புறம் என்ன?

“ரயில்ல வந்தீங்களா, பஸ்ல வந்தீங்களா?”

வணக்கம் சொல்லவில்லை. நான் யார் என்றும் கேட்கவில்லை. ஏழாம் வகுப்புப் பையன் அவன். என் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவைப் பார்த்தபடி கேட்டான். ரயில் என்றேன். எந்த ஸ்டேஷன்? மாம்பலம். உடனே சைதாப்பேட்டை, கிண்டி, பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தான். இந்தத் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது, அப்போது மீட்டர் கேஜ் என்று சேர்த்துக்கொண்டான். சொல்ல வேண்டியது முடிந்ததும் பையை மாட்டிக்கொண்டு படியேறிப் போய்விட்டான். நான் பாதி திறந்த வாயோடு நின்றேன்.

“உங்களைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் சார். பிடிக்கலைன்னா ஸ்டேஷன் கேட்டிருக்க மாட்டான்” என்றார் பக்கத்தில் நின்ற சிறப்பாசிரியர்.

தாம்பரத்தை அடுத்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. பெயரைப் போடக் கூடாது என்பது பெற்றோர்கள் வைத்த நிபந்தனை. பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் எழுத மாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஆட்டிசத்தில் ஆஸ்பெர்கர் என்று ஒரு காலத்தில் பெயரிட்ட வகையைச் சேர்ந்த பிள்ளைகள், சிறப்புப் பள்ளியில் இல்லாமல் நாற்பது பேர் உட்காரும் சாதாரண வகுப்பில் ஒரு நாளை எப்படிக் கடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தேன்.

காலை 8.20. முதல் மணி 8.45-க்கு. ஆசிரியர்கள் வரும் பக்கவாட்டு கேட் வழியாக இவன் முன்கூட்டியே வர அனுமதி இருக்கிறது. காரணத்தைத் தெரிந்துகொள்ள மெயின் கேட்டில் பத்து நிமிடம் நின்றேன். வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு வரிசையாக வந்து நின்றன. வாட்ச்மேனின் விசில், பைகள் உரசல், ஒருவனை ஒருவன் தள்ளல், யாரோ யாரையோ பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடல். நமக்கு இது பழகிய இரைச்சல்; தேவையானதை மட்டும் கேட்டுவிட்டு மிச்சத்தை நம் மூளை ஒதுக்கிவிடும். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை. விசிலும் ஹாரனும் தோளில் பட்ட கையும் ஒரே அளவில் உள்ளே இறங்குகின்றன. முதல் பீரியட் தொடங்கும் முன்பே களைத்துவிடுகிறார்கள். இருபத்தைந்து நிமிடம் முன்னால் வந்து காலியான வகுப்பில் உட்கார்வதற்குப் பள்ளிக்கு ஒரு பைசா செலவில்லை. ஆனாலும் இந்த அனுமதியை வாங்க அவன் அம்மாவுக்கு ஒரு முழுப் பருவம் ஆனதாம்.

பிரேயரில் அவன் வரிசையின் கடைசியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் நின்றான். ஒலிபெருக்கி மறுமுனையில் இருந்தது. காதில் கட்டட வேலைக்காரர்கள் போடுவது போன்ற காதுக் கவசம். ஒழுங்கு கெட்டுவிடும் என்று உடற்பயிற்சி ஆசிரியர் முதலில் எதிர்த்திருக்கிறார். பிள்ளைகள் கொஞ்ச நாள் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். பெரியவர்களுக்குத்தான் நாள் பிடித்தது என்றார் சிறப்பாசிரியர்.

வகுப்பில் கடைசி பெஞ்சில் எனக்கு இடம். அவனுக்கு முதல் வரிசையில், சுவரோரம். ஜன்னல் பக்கம் இல்லை; கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழேயும் இல்லை. டெஸ்க்கின் மேல் அன்றைய பீரியட்களை எழுதிய தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பீரியட் முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுகிறான். முதல் பீரியட் தொடங்கும் முன் வகுப்புத் தலைவி ஸ்டாஃப் ரூமிலிருந்து ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்றாவது பீரியட் சயின்ஸ் ஆசிரியர் விடுப்பு, லைப்ரரி. அவன் படித்தான், முகம் சுருங்கியது, தாளில் ‘சயின்ஸ்’ என்பதை அடித்து ‘லைப்ரரி’ என்று எழுதினான். விஷயம் முடிந்தது. போன வருடம் இதே போன்ற மாற்றம் ஒன்று பீரியட் தொடங்கிய பிறகு தெரிந்தபோது, மேஜைக்கு அடியில் புகுந்து அரை மணி நேரம் வெளியே வரவில்லையாம். மாற்றத்தை இவர்களால் ஏற்கவே முடியாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் பார்த்த வரையில் சொல்லாமல் வருகிற மாற்றம்தான் அவனை உடைக்கிறது. சொல்லிவிட்டால் முனகிக்கொண்டே ஏற்கிறான்.

கணக்கு ஆசிரியர் உள்ளே வந்தார். “என்ன, யாரும் நோட்டை எடுக்க மாட்டீங்களா?” என்றார். முப்பத்தொன்பது பிள்ளைகள் நோட்டை எடுத்தார்கள். இவன் எடுக்கவில்லை. திமிர் இல்லை. அது ஒரு கேள்வி, தன்னை யாரும் பெயர் சொல்லிக் கேட்கவில்லை என்று உட்கார்ந்திருந்தான். ஆசிரியருக்கு நினைவு வந்துவிட்டது. அவன் பெயரைச் சொல்லி, ஒரு விநாடி விட்டு, “நோட்டை எடு. 42-ஆம் பக்கம். முதல் மூணு கணக்கு” என்றார். மற்றவர்கள் முதல் கணக்கில் இருக்கும்போது அவன் மூன்றையும் முடித்திருந்தான். எழுத்து கோணல்மாணலாக, கோட்டுக்கு மேலும் கீழும் போயிருந்தது. விரல்களின் நுண்ணிய அசைவு இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வயதுக்கேற்ப வளர்வதில்லை. எழுதுவதே பெரிய வேலை. அவனுக்குக் கூட்டிப் போட்ட படிகளைவிட விடை முக்கியம். படிகள் எழுதாததற்கு ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைக்கிறார், ஏன் குறைக்கிறார் என்பதையும் எழுதித் தருகிறார்.

தமிழ் வகுப்பில்தான் நிலைமை தலைகீழானது. பாடத்தில் ஒரு கதை. கிழிந்த குடையை ஒரு பையன் நண்பர்கள் கண்ணில் படாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறான். ஏன் என்று கேள்வி. வகுப்பே ‘வெட்கம்’ என்று எழுதியது. இவன் எழுதியது: ‘அப்போது மழை பெய்யவில்லை.’ தவறு என்று எப்படிச் சொல்வது? ஆசிரியர் சொல்லவில்லை. நோட்டில் குச்சி மனிதர்கள் இருவரை வரைந்து, ஒருவன் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டு, ‘இவங்க சிரிப்பாங்களோ’ என்று எழுதிக் காட்டினார். நினைப்பது வேறு, சொல்வது வேறு என்று இப்படிப் படம் போட்டுப் பேசும் முறையையும், ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதித் தரும் சிறு கதைகளையும் கேரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை 1990-களில் பரப்பினார். இவன் வட்டத்தை வெகுநேரம் பார்த்தான். “அவன் நேராவே கேட்டிருக்கலாமே, சிரிப்பீங்களான்னு” என்றான். எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

மதிய உணவு நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. எவர்சில்வர் டப்பாக்கள் திறக்கும் சத்தம், பத்து வீட்டுக் குழம்பின் வாசனை, ‘எனக்கு ஒரு வாய் குடுடா’ என்று நீளும் கைகள். அவன் தினமும் கொண்டுவருவது தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். தொட்டு எடுக்க யாரையும் விடமாட்டான். நம் ஊரில் பகிர்ந்து சாப்பிடாதவன் கஞ்சன், தலைக்கனம் பிடித்தவன். முன்பு சில பையன்கள் ஒரு சொல்லைக் காதில் ஓதி, அதை ஆங்கில ஆசிரியையிடம் போய்ச் சொன்னால் கிரிக்கெட்டில் சேர்த்துக்கொள்வோம் என்றிருக்கிறார்கள். போய்ச் சொன்னான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாது. தண்டனை அவனுக்கு. சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று விசாரிக்கவே ஒரு வாரம் ஆனது. இந்தப் பிள்ளைகள் அடிவாங்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறை கிடையாது; ஆசிரியர் இல்லாத வராந்தா, கழிப்பறை, பள்ளி வேன்.

இப்போது இரண்டு பேர் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சிறப்பாசிரியர் ‘நண்பனாக இரு’ என்று யாரையும் கெஞ்சவில்லை. ரயிலில் ஆர்வமுள்ள எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தேடிக் கண்டுபிடித்து அறிமுகப்படுத்தினார், அவன் இன்னொருவனை இழுத்துவந்தான். மூவரும் இன்ஜின் வகைகளைப் பற்றிப் பேசியதைக் கேட்டேன். தடங்கலே இல்லை, முகம் பார்க்காமலே பேச்சு சரளமாக ஓடியது. தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் ஒன்று சொன்னார்: புரிந்துகொள்ளாமை ஒருவழிப் பாதையன்று, இவர்களுக்கு நம்மைப் புரியாததைப் போலவே நமக்கும் இவர்களைப் புரிவதில்லை. இரண்டாவது பாதியை நாம் குறைபாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு சிறப்பாசிரியரின் அறை. பழைய ஸ்டோர் ரூம்தான். டியூப்லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் பல்பு போட்டிருக்கிறார்கள். ஒரு பாய், இரண்டு தலையணை, மணல் நிரப்பிய துணிப் பை, ஒரு மணற்கடிகாரம். கோடு விழுந்த பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகள். வாயால் சொல்ல முடியாதபோது டெஸ்க்கின் மேல் சிவப்பைத் திருப்பி வைத்துவிட்டு இங்கே வந்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

ஆஸ்பெர்கர் என்ற பெயரைப் பற்றி அங்கேதான் பேசினோம். வியன்னா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஹான்ஸ் ஆஸ்பெர்கர், 1944-இல் நான்கு சிறுவர்களை விவரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்றாகப் பேசுவார்கள், ஒரு துறையில் ஆழ்ந்த அறிவு இருக்கும், சக பிள்ளைகளோடு ஒட்டமாட்டார்கள். அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முன்பே, 1925-இல், க்ருன்யா சுகரேவா என்ற பெண் மருத்துவர் மாஸ்கோவில் இப்படிப்பட்ட ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அவர் பெயர் எந்த நோய்க்கும் வைக்கப்படவில்லை. ஆஸ்பெர்கரின் ஜெர்மன் கட்டுரையும் கிடப்பில்தான் இருந்தது. லண்டன் மனநல மருத்துவர் லோர்னா விங், ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய், 1981-இல் எழுதிய கட்டுரைதான் ‘ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்’ என்ற பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. 1994-இல் அமெரிக்க மனநலக் கையேட்டில் அது தனிப் பிரிவாக இடம்பிடித்தது. 2013-இல் நீக்கப்பட்டு, ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே குடைக்குள் வந்தது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் அப்படியே.

இன்னொன்றும் உண்டு. நாஜி ஆட்சியில் ஊனமுற்ற குழந்தைகள் கொல்லப்பட்ட ஆம் ஷ்பீகல்கிரண்ட் என்ற வியன்னா நிறுவனத்துக்கு ஆஸ்பெர்கர் குழந்தைகளைப் பரிந்துரைத்து அனுப்பியதை வரலாற்றாளர் ஹெர்விக் செக் 2018-இல் ஆவணங்களோடு வெளியிட்டார். அங்கே இறந்த குழந்தைகள் 789 பேர். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல விரும்பாத குடும்பங்கள் உண்டு. பெயரோடு வளர்ந்துவிட்டோம், விடமாட்டோம் என்கிறவர்களும் உண்டு. இந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் பழைய பெயரையே சொல்கிறார்கள். மருத்துவச் சான்றில் ஆட்டிசம் என்றுதான் இருக்கும். சில பெற்றோருக்கு அந்தச் சொல் இடிபோல் விழுகிறது. பேச்சு தாமதமாகாத, அறிவுத்திறனில் குறையில்லாத பிள்ளைக்கா அது என்று கேட்கிறார்கள். ஆமாம், அதுவேதான். ஆட்டிசம் தடுப்பூசியால் வந்ததில்லை; அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டு ஆய்வை அதை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் திரும்பப் பெற்றது. தாயின் வளர்ப்பாலும் வந்ததில்லை. ஸ்டெம்செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று லட்சங்கள் கேட்பவர்களிடம் ஆதாரம் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வந்து, எங்களைப் பார்த்துச் சரியான அளவில் புன்னகைத்து, பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அவளை இந்தப் பிள்ளைகளின் பட்டியலில் நான் சேர்த்திருக்கவே மாட்டேன். தோழிகள் சிரிக்கும்போது அரை விநாடி தாமதமாகச் சிரிப்பாள், அவர்கள் பேசுவதை வீட்டில் கண்ணாடி முன் சொல்லிப் பார்ப்பாள் என்றார் சிறப்பாசிரியர். எட்டாம் வகுப்பு வரை அமைதியான பெண் என்ற நற்பெயர். பிறகு பள்ளிக்கு வர மறுத்து மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தபோதுதான் காரணம் தெரிந்தது. பெண் பிள்ளைகள் நடித்துச் சமாளிக்கிறார்கள். நாமும் பெண் அமைதியாக இருந்தால் சந்தோஷப்படுகிறோம்.

மணி 2.40. ஆண்டு விழாவுக்கான ஒத்திகை. இரண்டு அறை தள்ளி திடீரென்று டிரம்ஸ் அடித்தார்கள். இதற்குத் துண்டுச் சீட்டு வரவில்லை. ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு அலறல் கேட்டது. நாங்கள் போவதற்குள் அவன் தரையில், இரண்டு கையாலும் காதைப் பொத்தி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். காதுக் கவசம் பையிலேயே இருந்தது. எடுக்கத் தோன்றும் நிலையை அவன் தாண்டியிருந்தான். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் “எழுந்திரு, என்ன இது, பெரிய பையன்” என்று கையைப் பிடித்தார். அவன் உதறினான். சிறப்பாசிரியர் செய்தது மிகக் கொஞ்சம். மற்ற பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பினார். விளக்கை அணைத்தார். ஒத்திகையை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடம்பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று ஓரக்கண்ணால் பார்க்கும். கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இவன் யாரையும் பார்க்கவில்லை. எதையும் கேட்கவும் இல்லை. அந்த நேரத்தில் அறிவுரை, மிரட்டல், சமாதானம் எல்லாமே இன்னும் கொஞ்சம் சத்தம்தான். கால் மணி நேரத்துக்குப் பிறகு அவனாகவே எழுந்து பாய் உள்ள அறைக்குப் போனான். என்ன நடந்தது என்று மறுநாள்தான் பேசுவாராம், அதுவும் எழுத்தில்.

மாலையில் அவன் அம்மா வந்தார். வங்கியில் வேலை. பள்ளியில் இவ்வளவு அடங்கியிருக்கிற பிள்ளை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே வெடிக்கிறான் என்றார். பள்ளியில் சொன்னால் ‘இங்கே ஒழுங்காத்தான் இருக்கான், வீட்டுல செல்லம் குடுக்கறீங்க’ என்பார்களாம். இப்போது வந்ததும் முக்கால் மணி நேரம் யாரும் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. ஹோம் ஒர்க், டியூஷன், ‘இன்னைக்கு என்ன நடந்துச்சு’ எதுவும் கிடையாது. அவன் ரயில்வே கால அட்டவணையோடு உட்கார்ந்திருப்பான்.

“நான் மாத்திக்கிட்ட பெரிய விஷயம் ‘பார்க்கலாம்’ சார். கடைக்குப் போலாமான்னு கேட்டா பார்க்கலாம்னு சொல்லிடுவேன். நமக்கு அது முடியாதுன்னு அர்த்தம். அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிப்பான். இப்போ முடியாதுன்னா முடியாதுன்னுதான் சொல்றது. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை.”

கல்யாண வீடுகளைப் பற்றிக் கேட்டேன். முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்கும் தூரத்தில் இருப்பதில்லை. மண்டபத்துக்கு வெளியே காரில் இருந்துவிட்டுச் சாப்பிட வருவார்கள். அத்தைகள் கன்னத்தைக் கிள்ளுவதை முதலிலேயே தடுத்துவிடுகிறார். ஒருமுறை பெண் வீட்டாரிடமே “சாம்பார்ல உப்பு அதிகம்” என்று சொல்லிவிட்டான். வளர்ப்பு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். உண்மையிலேயே உப்பு அதிகம் என்று சிரித்தார் அம்மா. அவன் அப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை. தானும் சின்ன வயதில் இப்படித்தான் இருந்தேன், இப்போது என்ன கெட்டுப்போனேன் என்கிறாராம். இருந்திருக்கலாம். குடும்பத்தில் ஓடுகிற தன்மை இது. ஆனால் அவர் எப்படித் தப்பித்தார், யாரிடம் எவ்வளவு அடி வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன்; பெற்றோர்கள் தடுமாறும் இடம் இதுதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பள்ளி இந்தப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது, தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும் என்கிறது அது. சலுகைகள் பெரும்பாலும் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்றளித்தால்தான். அதை அளக்க 40 அம்சங்கள் கொண்ட இந்திய ஆட்டிசம் அளவுகோல் இருக்கிறது. நன்றாகப் பேசும், முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளை, அமைதியான மருத்துவமனை அறையில், அம்மா பக்கத்தில் இருக்க, டாக்டரின் கேள்விக்கெல்லாம் அழகாகப் பதில் சொல்லும். டிரம்ஸ் அங்கே இல்லை. ஆகவே ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள், சிவப்பு அட்டை திருப்பிய நாட்களின் பதிவு, முடிந்தால் வீடியோ, எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோகச் சொல்கிறார் சிறப்பாசிரியர். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர்கள் வருகிறார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள் என்பதால் அவர் வரும் நாளைக் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று தோன்றினால், மார்க் குறையட்டும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு அது குறையவே குறையாது. அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்தில் 18 வயது வரை கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். முதலில் அங்கே போங்கள். பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக, மருத்துவச் சான்றோடு தேர்வுத்துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சான்று கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பத்தாம் வகுப்பு தொடங்கிய பிறகு ஓடாதீர்கள், எட்டாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள்.